வரிக்கு முன்னால் ஓர் இடம்

திங்களன்று கார்ட்லாவில் மின்சாரம் போய் வந்தது,
நாற்பது நிமிடம். யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.
புதன் காலை விர்வே போன் செய்தாள்:
"ஹெல்யே, இங்கிருந்து யாருக்கும் எதுவும் போகவில்லை.
வருவது மட்டும் வருகிறது."

கால்நடை மருத்துவமனையின் பின்னறை.
தடுப்பூசி ஃப்ரிட்ஜுக்கும் துடைப்பத்துக்கும் நடுவே
பழைய லினக்ஸ் பெட்டி
சளி பிடித்தவன்போல மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.
கையுறையோடு தட்டச்சு செய்யப் பார்த்தேன்.
பிறகு கழற்றினேன்.

வரிசையைக் கேட்டேன். நீட்டியது:
முந்நூற்றுப் பன்னிரண்டு கடிதங்கள்.
உள்ளே என்ன என்று நான் பார்ப்பதில்லை.
யாரிடமிருந்து, யாருக்கு, எத்தனை கிலோபைட்
அவ்வளவுதான் என் உரிமை.
எம்மாஸ்தே பண்ணை எண்டெலுக்கு மட்டும் மூன்று.
எல்லாவற்றின் கீழும் ஒரே வாசகம்,
நேரம் கடந்துவிட்டது,
இருபத்தைந்தாம் கதவைத் தட்டித் தட்டி.

அந்தக் கதவு எங்களுக்கு எப்போதோ சாத்தியாயிற்று.
தீவிலிருந்து கிளம்பும் எந்தக் கடிதமும்
தாலினில் உள்ள பெரிய சர்வரிடம்
கடவுச்சொல்லைக் காட்டித்தான் ஏற வேண்டும்,
ஹெல்டர்மா துறையில் ஃபெர்ரிக்கு நிற்கும் கார்கள்போல.
இவை ஏன் தனித்தனியாகப்
பனிக்கடலில் இறங்கின,
கால்நடை மருத்துவமனைக் கடிதங்கள்
கால்நடையாகவே?

டிஎன்எஸ் பார்த்தேன். சரி.
ஃபயர்வால், சான்றிதழ், கடிகாரம்.
வட்டில் பாதி காலி.
கடவுச்சொல்லை மாற்றி, பழையதையே திரும்ப வைத்தேன்,
வேறு எதுவும் தோன்றாததால்.
விர்வே காபி கொண்டுவந்து வைத்தாள், எதுவும் கேட்கவில்லை.
அது கேட்பதைவிட மோசம்.

மதியம் தாண்டி, சும்மா,
வெளியாள்போல எங்கள் சர்வரின் வாசலில் போய் நின்றேன்.
தன் பெயரைச் சொல்லி வரவேற்றது.
சொன்னதோடு நிற்கவில்லை.
தாலின் சர்வரின் முழு முகவரியையும்
அதே மூச்சில் ஒப்பித்தது.
மூன்று நாளாக, வந்தவர் எல்லாருக்கும்
இதைத்தான் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.
இடுப்பில் பிள்ளை. நான் ஊரெல்லாம் தேடிவிட்டேன்.

இந்த மென்பொருளின் சட்டம் அப்படி:
வரியின் தலையில் வெற்றிடம் இருந்தால்
அது புது வரி இல்லை,
மேலே உள்ளதன் வால்.
தாலினுக்கு வழி சொல்லும் வரிக்கு முன்னால்
ஓர் இடம். ஒரே ஒரு தட்டு.
வழி, வரவேற்போடு ஒட்டிக்கொண்டது.

கோப்பின் தேதி: அக்டோபர் பதினேழு, மாலை ஆறு நாற்பது.
திருத்தியது: நான்.
அன்று காதுக்கும் தோளுக்கும் நடுவே போன்,
போனில் என் தம்பி ப்ரீட்,
படகை விற்பதா வேண்டாமா என்று.
விற்றுத் தொலை என்றேன்.
அப்போது கட்டைவிரல் எங்கே இருந்தது என்று
இப்போது தெரிகிறது.
ஓடிக்கொண்டிருந்த சர்வர் கோப்பைத் திரும்பப் படிக்கவில்லை,
நான்கு மாதம், பழைய நினைவிலேயே.
மின்சாரம் போனது. எழுந்தது. படித்தது.

இடத்தை அழித்தேன்.
லாகில் வரிகள் ஆட்டுமந்தைபோல முட்டி மோதி ஓடின:
போயிற்று, போயிற்று, போயிற்று.
பத்து நிமிடத்தில் எண்டெலின் போன்.
"மூன்றும் ஒன்றாக வந்தன. ஈரல் புழு என்று போட்டிருக்கிறது.
சரியாகத்தான் சொல்லியிருக்கிறீர்கள்.
ஆடு நேற்றே போய்விட்டது."
விர்வே கண்ணை மூடிக்கொண்டாள்.
"மற்ற ஆடுகளுக்கு?" என்றாள்.
"அதற்குத்தான் வண்டியை எடுக்கிறேன்."

அந்த வரிக்கு மேலே ஒரு குறிப்பு எழுதினேன்:
இதன் முன் இடம் விடாதே. ஹெல்யே.
பிறகு, விர்வே பதற,
பெட்டியை நானே அணைத்துப் போட்டேன்.
மூச்சு வாங்கி எழுந்தது.
வாசலில் போய் நின்றேன்.
தன் பெயரைச் சொன்னது.
அதோடு நிறுத்திக்கொண்டது.