இருபத்துமூன்றாம் அத்தியாயம்

ருவைஸ் கேம்ப், சி பிளாக், அறை நாற்பத்தொன்று.
எட்டுக் கட்டில், ஒரு ஏசி, ஒரு டிராகன்.
டிராகன் என்னுடையது.
மேல்கட்டிலில் குப்புறப் படுத்து
போன் திரையில் கட்டைவிரலால் வளர்த்தேன்.

இரவு ஒன்பதரைக்கு வாசிப்பு.
முதல் நாள் இளவரசன் பிறந்தான்,
நெற்றியில் மச்சம், உறையில் பேசும் வாள்.
முந்நூறடிக் கோட்டை என்று நான் சொன்னதும்
பாதத்தில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாசானமுத்து கேட்டான்:
"சாரம் கட்டுனது யாருல?"

நான் யாரையும் எழுதியிருக்கவில்லை.
மறுநாள் ஒருவனைச் சேர்த்தேன்.
பெயர்கூட இல்லை. சாரக்காரன், அவ்வளவுதான்.

பத்தாயிரம் வீரர் பாசறை இறங்கியபோது
உள்ளங்கையில் வெங்காய வாசம் போகாத
மெஸ் பிச்சைக்கனி செருமினார்:
"இத்தன பேருக்கு உலை எப்ப வச்சாங்க?
அத எழுதுங்க தம்பி.
பசியில எவனும் வாள் தூக்கமாட்டான்."

ஒன்பதாம் அத்தியாயம் முழுக்க உலை கொதித்தது.
இளவரசன் ஓரமாய் உட்கார்ந்து
தட்டு வரக் காத்திருந்தான்.

பதினாலில் சாரக்காரன்
டிராகனின் கழுத்தெலும்பில் ஏறினான்.
"ஹார்னஸ் மாட்டுனானா?" என்றான் எபனேசர்.
மாட்டினான் என்று அங்கேயே திருத்தினேன்.
"பெர்மிட்ல கையெழுத்து?"
மந்திரவாதி போட்டார் என்றேன்.
சிரித்த சிரிப்பில் பக்கத்து அறைப் பஞ்சாபி
சுவரைத் தட்டினார்.

ஷட்டவுன் தொடங்கி ஐந்தாம் நாள்
காலத்தின் உச்சித் தட்டில் பிகாரிப் பையன் ஒருவன்
வெயில் தலைக்கேறி
குழாயைக் கட்டிப்பிடித்து நின்றுவிட்டான்.
எல்லாரும் இறங்கச் சைரன்.
எபனேசர் ஏறினான்.
நான் கீழிருந்து பார்த்தேன்.
ஒரு கொக்கியைக் கழற்றி மேலே மாட்டினான்,
அடுத்ததைக் கழற்றி மேலே மாட்டினான்.
வேறெதுவும் நடக்கவில்லை.
இறங்கும்போது நாலு கொக்கி.
முக்கால் மணி நேரம்.

தரையில் உட்கார்ந்து உப்புக்கரைசல் குடித்தான்.
சைரனுக்குப் பிறகு ஏறிய குற்றத்துக்கு
எச்சரிக்கைத் தாளில் கையெழுத்துப் போட்டான்,
தன் பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டு.

அன்றிரவு நான் வாசிக்கவில்லை.
எழுதி வைத்திருந்த இருபத்துமூன்றில்
சாரக்காரன் விழுந்து சாகிறான்.
இளவரசன் அவன் தலையை மடியில் ஏந்தி
விம்மி விம்மி அழுகிறான்.
அழகாய் வந்திருந்தது. நானே அழுதிருந்தேன்.

கீழ்க்கட்டிலிலிருந்து எபனேசர்
என் பலகையைக் காலால் உதைத்தான்.
"என்ன வே, சாகடிச்சிட்டீரா?"

நான் பேசவில்லை.

"அவன் செத்தாத்தான் அந்த ராசா மவனுக்குக்
கண்ணு கலங்குமாக்கும்?
ஏத்தத் தெரிஞ்சவருக்கு
இறக்கத் தெரியாதா வே?"

போர்வைக்குள் எல்லாவற்றையும் அழித்தேன்.
ஒவ்வொரு கொக்கியாக எழுதுகிறேன்:
கழற்றி, கீழே மாட்டி, கழற்றி, கீழே மாட்டி.
மணி மூன்றரை. பஸ் நாலேகாலுக்கு.
இன்னும் பதினோரு தட்டு பாக்கி.
டிராகன் மூச்சை அடக்கிக்கொண்டிருக்கிறது.
வாளை எங்கோ மணலில் போட்டுவிட்டு
இளவரசன் கீழே நிற்கிறான்,
இரண்டு கையாலும்
ஏணியைப் பிடித்துக்கொண்டு.