குதிரையைப் பிடித்திருப்பவன்

நாற்பது பக்கம் மிச்சமிருக்கையில்
பத்தாம் பாகத்தை மூடி
மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்,
பதினோரு நாள்,
என்னிடமிருந்தே.

நேற்றிரவு எடுத்துவிட்டேன்.
வலது கட்டைவிரலடியில்
தாள்கள் மெலிந்துகொண்டே வந்தன,
சோப்பு கரைந்து கரைந்து
கடைசியில் ஒரு வழுக்கலாக மட்டும் மிஞ்சுமே,
அப்படி.

அதிகாலை நாலு பத்துக்கு
ஓர்வென்னா கிரீடத்தைக் கிணற்றில் போட்டாள்.
நிழலில்லாத படகோட்டிக்கு நிழல் முளைத்தது.
நடந்துகொண்டே இருந்த மலை உட்கார்ந்தது.
அப்புறம் வெள்ளைத்தாள்.
அப்புறம் அச்சகத்தின் முகவரி.
அதையும் படித்தேன்,
அஞ்சல் எண் வரை.

கிளைபேடாவில் அந்நேரம் விழித்திருந்தது
துறைமுகத்தின் மூடுபனிச் சங்கு ஒன்றுதான்.
எதைச் சொன்னாலும் அதற்கு ஒரே எழுத்து.

சாவு வீடென்றால் ஆள் வரும்,
பாத்திரத்தில் சூப் வரும்.
இதற்கு யார் வருவார்?
இத்தனை நாள் என்னோடு நடந்தவர்கள்
கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே சிரிக்கிறார்கள்.
வெளியே நான்,
ஒரு காலில் மட்டும் கம்பளி உறை,
கையில் ஆறிப்போன தேநீர்.

பத்தொன்பது வருஷம்.
முதல் பாகம் வாங்கியபோது
எனக்கு வேறு குடும்பப் பெயர்.
கின்தௌதாஸும் நானும் ஒரே விளக்கில் படிப்போம்.
அவன் வேகம். பக்கம் முடிந்ததும்
என் முழங்கையைத் தட்டிவிட்டுக் காத்திருப்பான்.
பிரிந்தபோது வக்கீல் காரைப் பிரித்தார்,
வங்கிக் கணக்கைப் பிரித்தார்.
புத்தகங்களை நாங்களே பிரித்துக்கொண்டோம்:
ஒற்றைப்படை எனக்கு, இரட்டைப்படை அவனுக்கு.
அன்றைக்கு ஆறு பாகம்தான் வந்திருந்தது.
அதன்பின் வந்ததை ஆளுக்கொன்றாக வாங்கினோம்,
கேட்டுக்கொள்ளாமல்.

நாலாம் பாகத்தில் யார் யாரைக் கொன்றார் என்று
சந்தேகம் வந்தால் நீடாவுக்குப் போகவேண்டும்.
தினமும் இருபது தடவை காயலைக் கடப்பவள் நான்.
அக்கரையில் இறங்கினால் பஸ் நிற்கும், ஒரு மணி நேரம்.
இறங்கியதில்லை.
மறந்ததை மறந்தபடியே படித்தேன்.

ஒன்றை மட்டும் மறக்கவில்லை.
மூன்றாம் பாகம், இருநூற்றுப் பதினேழாம் பக்கம்.
பனிப்புயல், கணவாய்.
இளவரசன் ஒரு பையனிடம்
"குதிரையைப் பிடி, இதோ வந்துவிடுகிறேன்" என்று
கடிவாளத்தைக் கொடுத்துவிட்டுப் போனான்.
வரவில்லை.
வேறு வழியாக இறங்கி, போர் வென்று,
மணம் முடித்து, முடி துறந்து,
பேரன் பேத்தியும் எடுத்துவிட்டான்.
பையனுக்கு ஒரு பேர்கூட வைக்கவில்லை.

ஏழு பாகமாகத் தேடினேன்.
இந்த முற்றுகையில் வருவான்,
இந்த விருந்தில் வாசலிலாவது நிற்பான்.
முடிசூட்டு விழாவில் கூட்டத்தை
ஒவ்வொரு தலையாகப் பார்த்தேன்.
கடைசி வரியின் கடைசிப் புள்ளியில்கூட
ஒரு நொடி நின்று பார்த்தேன்.

விரல் தானாக
எட்டு வருஷமாகப் பேசாத எண்ணுக்கு அடித்தது:
"குதிரைக்காரப் பையன்?"

நாலு இருபத்தாறுக்குப் பதில்.
அவனும் தூங்கவில்லை.
"அங்கேயேதான் நிற்கிறான்.
நானும் தேடினேன்."
சற்றுப் பொறுத்து இன்னொன்று:
"குதிரை செத்திருக்கும்."
"சாகாது" என்றேன்.
அதற்குப் பிறகு யாரும் எதுவும் அனுப்பவில்லை.
ஆனால் தொலைபேசியை நான் கவிழ்த்துவைக்கவில்லை.

ஆறு மணிப் படகில் சீட்டுக் கிழித்தேன்.
"நாய்க்குச் சீட்டு உண்டா?" என்றார் ஒருவர்.
எந்த நாட்டில் என்று கேட்க இருந்தேன்.
பனி இன்னும் விலகவில்லை.
புதிதாகச் சேர்ந்த எய்மந்தாஸ்
ஈரக் கயிற்றை இரு கையாலும் பிடித்தபடி
என்னைத் திரும்பிப் பார்த்து,
"விட்டுவிடலாமா?" என்றான்.

பின்னால் கார்கள் ஒலியெழுப்பின.
எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை.