எழுபதில் நாற்பது நிமிடம்

ஓடோமீட்டரில் ஆறாயிரத்துச் சொச்சம்.
செக்காலை ரோட்டிலிருந்து கிளை அலுவலகம்
போக இரண்டு கிலோமீட்டர், வர இரண்டு.
"இதுக்குப் போய் டீசல் வண்டி யார் வாங்கச் சொன்னது?"
என்றார் லியாகத்.
வாங்கவில்லை, கம்பெனி குத்தகை.

"சூடேறுமுன்னே அணைச்சிடுறீங்க சார்.
வடிகட்டியில கரி எரியாம அப்படியே கெடக்கு.
நாப்பது நிமிஷம், எழுபதுல,
எங்கேயாவது போயிட்டு வாங்க."

எங்கே?

ஒப்பந்தத்தின் பதினான்காம் பத்தி
அடைப்பு ஓட்டுபவர் பொறுப்பு என்கிறது.

இரவு பத்தேகாலுக்குக் கிளம்பினேன்
மஞ்சள் விளக்கு எரிய எரிய.
யாரைப் பார்க்க என்றாள் சிகப்பி.
யாரையுமில்லை.
நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு
அவளும் ஏறினாள்.

லெம்பலக்குடியில் சுங்கம் கட்டினோம்
சும்மா போவதற்கு.
திருமயம் கோட்டை இருட்டாக வந்து போனது.
ஏசியைக் குறைத்தாள். பிறகு,
"அந்த வளையலை மீட்டாச்சா?"

நான்கு வருடமாகக் கேட்காதது.

ரோட்டைப் பார்த்தபடியே சொன்னேன்,
மூழ்கிப்போனதை, ஏலத் தேதியை,
யாருக்காக என்பதையும்.
அவள் திட்டியது புதுக்கோட்டை வரை வந்தது.
பைபாஸில் டீ குடித்தோம்.

விளக்கு எங்கே அணைந்தது
என்று இருவரும் கவனிக்கவில்லை.

வீட்டு வாசலில் இறங்காமல் கேட்டாள்:
"மறுபடி எப்ப எரியும்?"
மூணு வாரத்தில் என்றேன்.
"எரிஞ்சா சொல்லுங்க."