குடியமர்த்தல்

கீழமாரட் வீதி வெங்காய மண்டி மாடியில்
மூன்று கணினிகள்.
மூன்றிலும் ஒரே கண்டெய்னர் ஓட வேண்டும்
திங்கள் அதிகாலை முதல் லோடு இறங்குமுன்.

கண்டெய்னர் என்றதும் கணக்கர் துளசிராம்
நாற்காலியை நகர்த்தி இடம் ஒதுக்கினார்.
"தூத்துக்குடியிலேர்ந்து வருதா?"
"இல்ல சார், இறக்கினா வந்துரும்.
எடை போடுற புரோகிராமும்
அதுக்கு வேண்டிய உப்பு புளியும் உள்ளேயே இருக்கும்.
எங்க வச்சாலும் ஒரே மாதிரி சமைக்கும்."
"அட்வான்ஸ்?"
"எட்டு ஜிபி, சார்."

முதலில் அவருடைய விண்டோஸ்.
விர்ச்சுவலைசேஷன் அணைந்திருக்கிறதாம்.
நிறுத்தி எழுப்பினேன், எஃப் டூ.
மறுபடி நிறுத்தி, எஃப் டென். அப்புறம் எஸ்கேப்.
ஒவ்வொரு கம்பெனிக்கும்
கொல்லைக் கதவு ஒவ்வொரு பக்கம்.
மவுஸ் நடமாடாத அந்த நீலத்திரையில்
அம்புக்குறியால் தடவித் தடவி
ஒரே ஒரு சொல்லைத் திருப்பி வைத்தேன்.
அடுத்து, தன் வயிற்றுக்குள்
ஒரு குட்டி லினக்ஸை வைக்கச் சொன்னது.
வைத்தேன்.
அப்டேட் முப்பத்துநாலு சதவீதத்தில் உட்கார்ந்துகொண்டது.

டீக்கு இறங்கினேன். போனில் புரோக்கர்.
"ஆனையூர் வீடு புடிச்சிருக்குல்ல?
ஓனர் ஒண்ணே ஒண்ணு கேக்குறாரு,
நீங்க என்ன ஆளுங்க?"
"வெங்காயம் திங்கிற ஆளு" என்றேன்.
அவன் சிரிக்கவில்லை.

முதலாளி மகள் ஜெயபாரதியின் மேக்
ஒன்றும் கேட்கவில்லை.
திமிங்கலத்தைப் பிடித்து
பக்கத்துப் பெட்டிக்குள் இழுத்துப் போட்டாள்.
வைகையில் கணுக்கால் தண்ணீர்கூட இல்லாத மே மாதத்தில்
அது சட்டென்று நீந்தியது.
"இவ்ளோதானா?"
இவ்வளவுதான் என்று சொல்லி வாய் மூடவில்லை,
சிப் வேறாம்.
இன்டெலுக்குக் கட்டிய கண்டெய்னர்
துபாஷ் வைத்துப் பேசுவதுபோல்
வரிக்கு வரி மூச்சு வாங்கியது.
இரண்டு சிப்புக்கும் சேர்த்துத் திரும்பக் கட்டினேன்.
அதற்குள் மணி ஏழு.
கீழே லாரிக்காரர் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், அழகாக.

எடைமேடை அறையில் சிக்கந்தரின் உபுண்டு.
தூசி, சாம்பிராணி வாசம், வெங்காயத் தோல்.
பழசை நீக்கு, சாவியை இறக்கு,
முகவரியைச் சேர், நிறுவு.
நாலே நிமிஷம்.
ஓட்டச் சொன்னால்
பெர்மிஷன் டினைட்.

"ஏண்ணே, எல்லாம் சரியாத்தான செஞ்சோம்?"
"செஞ்சோம். உன் பேரு அந்த குரூப்புல இல்ல."
ஒரே வரி தட்டினேன்.
"சேத்துட்டேன். ஒருதடவ வெளிய போயிட்டு
உள்ள வா."
போனான், வந்தான். ஓடியது.

அந்தக் குழுவில் சேர்ந்தவர்
ரூட்டுக்குச் சமம் என்று
கையேடு எச்சரிக்கிறது.
உரக்கப் படித்துக் காட்டினேன்.
சிக்கந்தர் திரையையே பார்த்திருந்தான்.
"ஒரு வரியா?
நான் பதினாலு வீடு பாத்தேண்ணே."
"எனக்கு ஆனையூர் ஒம்போதாவது."
அதற்கு மேல் இருவரும் பேசவில்லை.
அப்டேட் முடிந்ததென்று மாடியிலிருந்து
துளசிராம் குரல் கொடுத்தார்.

ஒரு மூட்டையைத் தூக்கி மேடையில் வைத்தோம்.
மூன்று திரையிலும்
ஐம்பத்திரண்டு கிலோ நானூறு.
ஜெயபாரதி கைதட்டினாள்.
துளசிராம் மட்டும் கண்ணாடியை ஏற்றிவிட்டு,
"தம்பி, சாக்கக் கழிக்கலியே" என்றார்.

போன் அடித்தது.
"அந்த வீடு இல்லீங்க.
ஓனர் மச்சினன் வர்றாராம் குடியிருக்க,
வெள்ளையடிக்கணுமாம் வேற,
மோட்டாரும் ரிப்பேராம்..."
காதுக்கும் தோளுக்கும் இடையில் போனை இடுக்கியபடி
சாக்கைக் கழித்துக்கொண்டிருந்தேன்.