ஜாமீன்தார்

முதல் தகவல் அறிக்கையில் இருக்கிறது:
நான்காம் எதிரி ஏகவல்லி,
எண்ணூர் கழியில், சாம்பல் குழாய் அருகே
உரத்த குரலில் கோஷம் எழுப்பினார்.

அந்நேரம் அவள்
இடுப்பளவு தண்ணீரில்
இரண்டு கையாலும் சேற்றில் இறால் தடவிக்கொண்டிருந்தாள்,
பறியைப் பல்லில் கடித்தபடி.

பல்லில் பறி இருப்பவள் எப்படிக் கத்துவாள்?
அதெல்லாம் விசாரணையில், என்றார் வக்கீல்.
இப்போதைக்கு இரண்டு பேர் வேண்டும்,
வீட்டு வரி ரசீதோடு.

சுவரொட்டி ஒட்டினோம்.
தண்டையார்பேட்டையில் கூட்டம் போட்டோம்.
பறை அதிர அதிர
நாற்பத்தேழு பேர் கை தூக்கினார்கள்.
ரசீது இருக்கா என்றதும்
ஒவ்வொன்றாய் இறங்கின கைகள்.
யாரைச் சொல்ல,
நானும் வாடகை வீடு.

பதினொன்றாம் நாள்
திருவொற்றியூர் கோர்ட்டுக்குத் தேசப்பன் வந்தார்.
மணலியில் லாரிக்குப் பஞ்சர் ஒட்டுகிறவர்.
எங்கள் கூட்டம் எதற்கும் வராதவர்.
பால் கவரைக் கழுவிக் காயவைத்து
அதற்குள் ரசீதை மடித்து
பனியனுக்குள் வைத்திருந்தார்.

"நீங்க அவங்களுக்கு என்ன வேணும்?"
மாஜிஸ்திரேட் நிமிரவில்லை.

தெரிந்தவர் என்று மட்டும் சொல்லுங்கள்,
வாசலிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன்.

"எறா வாங்கன காசு
நாப்பது ரூபா பாக்கிங்கய்யா.
நான்தான் தரணும்."

தட்டச்சு நின்றது.
உறவுமுறை என்ற கட்டத்தில்
எதை அடிப்பதென்று
அந்தப் பெண் மேலே பார்த்தாள்.
மேலே மின்விசிறி
மூன்று இறக்கையில் ஒன்று வளைந்து
சுற்றிக்கொண்டிருந்தது.

அடுத்த ஆள் எங்கே என்றார்கள்.

வராந்தாவைத் திரும்பிப் பார்த்தேன்.
மணி நாலு இருபது.
புழலில் ஐந்தரைக்கு எண்ணி அடைத்துவிடுவார்கள்.