கடல் மட்டத்திலிருந்து 311 மீற்றர்

அந்த ஊரில் நானூற்று முப்பத்தேழு பேர்.
எங்கள் தொடர்மாடியில் அதைவிடக் கூட.
தண்ணீர் மோட்டர் பழுதான அன்று
படியில் வாளியோடு நின்றவர்களை எண்ணினேன்,
மூன்றாம் மாடியிலேயே கணக்குத் தவறிவிட்டது.

ஊரின் பெயர் கிரேயன்வைலர்.
கிரேயன் என்றால் காகங்கள். வைலர், சிறுகுடி.
அகராதியில் விரல் வைத்திருந்த நேரம்
யன்னல் கம்பியில் இருந்த ஒன்று
என் பாண் துண்டைக் கொத்திக்கொண்டு போனது.
காகக்குடி என்றே கொப்பியில் எழுதினேன்.

சுகிர்தன் அங்கே மரக்காலையில் பலகை அடுக்குகிறார்.
பதிவுக் கலியாணம் முடிந்து பதினாலு மாதம்.
போகப்போகும் ஊரைத் தெரிந்து வைத்திரு, என்று
ஊர்ச்சபை அச்சிட்ட புத்தகத்தை அனுப்பினார்.
எழுநூறு வருட நிறைவுக்குப் போட்டது.
நாற்பத்தெட்டுப் பக்கம், அட்டையில் தேவாலயம், இரண்டு வாத்து.

காலி வீதி, புடவைக்கடைக்கு மேல்மாடி.
லோஜினி மிஸ்ஸின் வகுப்பில் பதினொரு பெண்கள்,
பதினொரு கணவர்கள், பதினொரு ஊர்கள்.
பஸ்லியாவுக்குத் துறைமுகம் வாய்த்தது.
எனக்கு ஓர் ஓடை.
ஓடைக்கரையில் ஒரு மாவாலை, இப்போது ஓடுவதில்லை.
வடக்கே பீச் மரக்காடு, தெற்குச் சரிவில் பீற்றூட்.
பள்ளிக்கூட நாளில் நாலு பஸ், ஞாயிறு ஒன்றுமில்லை.
கடல் மட்டத்திலிருந்து முன்னூற்றுப் பதினொரு மீற்றர்.

எந்தக் கடலிலிருந்து அளந்தவை, என்று கேட்டேன்.
இங்கே கடல் தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம்,
காற்று மாறினால் இந்தப் பக்கமும் வரும்.
அவருக்குத் தெரியவில்லை.
குளிர், அவ்வளவுதான், என்றார்.

பன்னிரண்டாம் பக்கம், முப்பது வருடச் சண்டை.
ஒரு படை போனது. மற்றது வந்தது. பின்னால் கொள்ளைநோய்.
மிஞ்சியது ஒன்பது அடுப்பு.
அடுப்பு என்றுதான் இருக்கு, ஆள் என்று இல்லை.
அந்தப் பக்கத்துக்கு மட்டும்
அகராதி தேவைப்படவில்லை.

முப்பத்தோராம் பக்கம், நாற்பத்தாறாம் ஆண்டு.
கிழக்கிலிருந்து வண்டிகளில் இருநூற்றிரண்டு பேர்,
வைக்கோல் அறையில், பள்ளிக்கூடத்தில், மாவாலைப் பரணில்.
அவர்களுக்கென்று ஊர் ஒரு சொல் வைத்திருந்தது:
வந்து சேர்ந்தவர்.
இன்றைக்கு ஊர்த்தலைவர், தீயணைப்புக்காரர், ஊதுகுழல் குழு
பாதிப்பேர் அந்த வண்டியில் வந்தவர்களின் மிச்சம்.
புத்தகம் இதைச் சொல்லவில்லை.
குடும்பப் பெயர்களை ஒத்துப்பார்த்து
நானே கண்டுபிடித்தது.

எழுபத்திரண்டில் பக்கத்து ஊரோடு சேர்த்துவிட்டார்களாம்.
பலகையில் அந்தப் பெயர் பெரிதாய், காகக்குடி அடியில்.
ஆறு வருடம் வழக்காடிப் பெயரைத் திரும்ப வாங்கினார்கள்.
ஒரு பெயர்ப்பலகைக்கு ஆறு வருடம்!

நாங்கள் வவுனியாவிலிருந்து வந்தபோது
பொலிஸ் எங்கள் அறைக்கும் ஒரு படிவம் தந்தது.
வீட்டிலுள்ளோர், வந்த திகதி, வந்த காரணம்.
காரணத்துக்கு நேரே அப்பா ஒரு கோடு போட்டார்.
பின்பக்கம் வெறுமை.

பரீட்சை அன்று மழை.
கண்ணாடி போட்ட அம்மா கேட்டா:
நீங்கள் வசிக்கும் இடத்தைப் பற்றிச் சொல்லுங்கள்.
ஓடை, மாவாலை, ஒன்பது அடுப்பு எல்லாம்
நாக்கின் நுனிவரை வந்து நின்றன.
கேட்டது அதை இல்லை.
கொழும்பு, என்றேன்.
ஆறு இருக்கிறதா?
வாய்க்கால் இருக்கிறது, கறுப்பு.
அதில் கபரக்கொய்யா நீந்தும்.
அதற்கு அவர்கள் பாஷையில் சொல் தெரியாமல்
பெரிய, மிகப் பெரிய பல்லி, என்றேன்.
சிரித்துவிட்டு ஏதோ குறித்துக்கொண்டா.
எத்தனை மீற்றர் உயரம் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் ஐந்தாம் மாடி என்றிருப்பேன்.

திரும்பும் பஸ்ஸில் சுகிர்தனின் செய்தி.
பரீட்சையைப் பற்றி ஒன்றுமில்லை.
பக்கத்து வீட்டு ஹில்டகார்ட் கிழவி இரவு போய்விட்டா,
மரக்காலைக்கு இன்று அரைநாள் லீவு.

நானூற்று முப்பத்தாறு.
பஸ் குலுங்கக் குலுங்கக் கொப்பியைத் திறந்து
பென்சிலால் திருத்தினேன்.
பேனை பைக்குள்தான் இருந்தது.