உட்கார்ந்த வேலை

முக்கூடல் பள்ளிக்கூடத்துல, ஏழாம் வகுப்பு ரூமுல,
கரும்பலகையில வினைமுற்றும் எச்சமும்
பாதி அழிஞ்சு கிடக்கு.
அதுக்குக் கீழே ஒரு கண்ணாடிப் பலகை.
"செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்கக்கா."
மெட்டி கிடக்கட்டுமான்னு கேட்டேன்.
கழட்டணுமாம். உள்ளே கரண்டு ஓடுமாம்,
உறைக்காதாம்.

இருபத்தாறு வருஷமா தராசு பார்த்தவ நான்.
ஏஜெண்டு உச்சிமாகாளி நிறுத்துத் தார இலை
கடையில எழுநூறு கிராம் நிக்கும்.
முந்தின ராத்திரியே தண்ணி தெளிச்ச இலை.
வீட்டுக்கு வந்து காஞ்சா ஐநூத்துச் சொச்சம்.
ஆயிரம் பீடிக்குக் குடுத்ததுல
எண்ணூறுதான் வெட்ட வரும்.
மிச்ச இருநூறுக்கு என் காசு.

ஆனா தராசுல நானே ஏறி நிக்கது இதுதான் முதல்தடவை.
அம்பத்தெட்டு கிலோ.
அதோட விடல. சீட்டு ஒண்ணு வந்துது,
மளிகைக்கடை பில்லு மாதிரி நீளமா.
கொழுப்பு நூத்துக்கு முப்பத்தெட்டு.
தசை இருபத்துமூணு. தண்ணி பாதிக்குக் கீழே.
எலும்பு ரெண்டே கிலோ. இவ்வளவுதானா?

எனக்கு முன்னாடி ஏறினவ எங்க மைனி செண்பகவடிவு.
நூறுநாள் வேலையில குளத்து மண்ணு சுமக்கா.
அவளும் அம்பத்தெட்டு.
அவ சீட்டுல கொழுப்பு இருபத்தாறு.
"ஒரே எடை, ஆனா வேற உடம்பு.
இதை எப்படிப் புரியவைக்கன்னுதான் தெரியல"ன்னா
அந்த அனிஷாப் புள்ள.
எனக்குச் சிரிப்பு வந்துட்டு.
நனைஞ்ச கட்டும் காஞ்ச கட்டும்
தட்டுல சமமாத்தான் நிக்கும் தாயி.
வெட்டும்போதுதான் தெரியும்
எதுல எத்தனை பீடி இருக்குன்னு.

"வேலை?"
"பீடி சுத்துதேன்.
நாளைக்கு எண்ணூறு, கூலிநாள் நெருங்குனா ஆயிரம்."
தாளுல அவ விரலு மேலேருந்து இறங்கி வந்துது:
கடின வேலை, நடுத்தர வேலை, உட்கார்ந்த வேலை.
அங்க நின்னு ஒரு டிக் போட்டா.
தப்பில்ல. உட்கார்ந்துதான் இருக்கேன்.
காலையில காலை மடக்குனா
மதியம் வரைக்கும் அது யார் காலோ.
மடியில முறம். முறத்துல தூளு.
விரலுக்குன்னு ஒரு கட்டம் அந்தத் தாள்ல இல்ல.

ஒரு நாளைக்கு ஆயிரத்து முந்நூத்தி எண்பது கலோரி
எனக்குப் போதுமாம்.
தோசைக்கு இத்தனை, சோத்துக்கு இத்தனை.
சொதிக்குத் தேங்காப்பாலுன்னதும் அவ புருவம் ஏறிச்சு.
கருப்பட்டிக் காப்பி மூணை ஒண்ணாக்கச் சொன்னா.
காப்பியில நான் பொய் சொல்லியிருந்தேன். நாலு குடிக்கேன்.
தூளு நெடிக்கு அது இல்லாம ஓடாது.

பிறகு, சீட்டை மடிக்கும்போது சொன்னா:
"அதுல ஆயிரத்து நூத்தம்பது
நீங்க ஒண்ணுமே செய்யாட்டியும் செலவாயிரும்.
சும்மா படுத்துக் கிடந்தாக்கூட."
"எதுக்கு?"
"மூச்சுக்கு. நெஞ்சு அடிக்க. ஈரலுக்கு, மூளைக்கு,
உடம்புச் சூட்டுக்கு."

சும்மா.
அந்தச் சொல்லு காதுல விழாத நாளில்ல எனக்கு.
மகளைப் பார்க்க வந்தவங்ககிட்டகூட
எங்க வீட்டு ஆளு சொன்னாரு,
"அவ வீட்டுல சும்மாதான் இருக்கா"ன்னு.
முறம் என் மடியிலேயே இருந்துது அப்ப.

ராத்திரி படுத்துக்கிட்டே கணக்குப் போட்டேன்.
இருபத்துநாலால வகுத்தா மணிக்கு நாப்பத்தெட்டு.
ரெண்டு கட்டுக்கு ரெண்டு குறைவு.
ஜன்னல்ல ஆத்துக் காத்து.
அடுப்பு அணைஞ்ச வீட்டுல
ஒரு அடுப்பு மட்டும் எரிஞ்சுக்கிட்டே கிடக்கு.
உச்சிமாகாளி கையை விட்டுக் கிளறி
இதுல ஒண்ணையும் கழிக்க முடியாது.
பாஸ்புக்குல ஏறவும் ஏறாது.

அனிஷாவுக்குப் பயந்து
மூணாவது தோசையை மூடி வச்சிருந்தேன்.
எந்திரிச்சுப் போய்ப் பாதி தின்னேன்.
மீதி தட்டுலதான் இருக்கு.

மக சொல்லுதா, உறக்கத்துல என் விரலு
இல்லாத இலையைச் சுத்துதாம்,
கட்டைவிரலால முனையை மடக்கி மூடுறது வரைக்கும்.
அதை எந்தக் கட்டத்துல போடன்னு
அடுத்த கேம்ப்புல கேக்கணும்.